யாருக்கும் சொந்தமில்லாத ஐந்து நாள்

டோக்கன் முப்பத்தொன்று. உள்ளே போயிருப்பது பத்தொன்பது. நடுவில் பதினொரு குழந்தைகள், பதினொரு வீறிடல்கள், அதற்குள் மணி பத்தாகிவிடும், பத்துக்கு மேல் எந்த நிமிஷம் வேண்டுமானாலும் அந்தப் பெயர் விழுந்துவிடும் என்று ஷர்மிளாக்கா சொல்லியிருந்தாள். விழும் என்றுதான் சொன்னாள். பால்பல் விழுகிற மாதிரி, தொப்புள்கொடி காய்ந்து விழுகிற மாதிரி, ஒரு பெயர் எங்கேயிருந்து எதன்மேல் விழும் என்று மேகலாவுக்கு விளங்கவில்லை, கேட்கவுமில்லை, கேட்டால் இன்னொரு வார்த்தை பேச வேண்டிவரும். புதன்கிழமை, தடுப்பூசி நாள், சுகாதார நிலையத்துத் தகரக் கொட்டகை முழுக்கத் தாய்மார்கள், பால் கவிச்சி, டெட்டால் நெடி, யாரோ பையில் கொண்டுவந்த பொரியின் வாசம். மடியில் பாப்பா, பதினாலு வாரம், தனக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரியாமல் எதிர்ச்சுவரில் ஓடும் பல்லியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. சிரி சாமி, சிரி, இன்னும் பதினொரு பேர் இருக்காங்க. மேகலா பைக்குள் கையை விட்டுப் போனைத் தொட்டுப் பார்த்தாள். தடுப்பூசி அட்டைக்கும் மாற்றுத்துணிக்கும் நடுவில் அது குளிர்ச்சியாகக் கிடந்தது. அதிரவில்லை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மெயில் எனக்குத்தான் வரும் கண்ணு, வந்த ஒடனே உனக்கு வாட்ஸப்புல போடறேன், நீ சும்மா சும்மா எடுத்துப் பாக்காத, என்று அக்கா சொல்லியிருந்தாள். சும்மா பார்க்காமல் எப்படி இருப்பது. இங்கேயாவது டோக்கன் உண்டு, முப்பத்தொன்று என்றால் முப்பதுக்கு அப்புறம் தான்தான், யாரும் தாண்டிப் போக முடியாது, போனால் ஆயாம்மா கத்துவாள். அங்கே, பெயர் விழுகிற இடத்தில், டோக்கனும் கிடையாது, கத்த ஆயாம்மாவும் கிடையாது.

தும்பைத்துணி. இணையத்தில் அவள் கடைக்கு அவ்வளவுதான் பெயர். அதற்குப் பின்னால் ஒரு புள்ளி, இரண்டு எழுத்து, அதை அவள் சொல்வதில்லை, சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை, அதுதானே அந்தப் பெயரின் அருமை. எட்டாவதோடு நின்றவள், யாராவது நிமிர்ந்து பார்த்தால் வாயில் எச்சில் வற்றிப்போகிறவள், மளிகைக் கடையில் கால் கிலோ உளுந்து கேட்டு அவன் துவரையைக் கட்டிக் கொடுத்தால் துவரையையே வாங்கி வருகிறவள், அவளுக்காக அந்தப் பெயர் பேசியது. என்னென்ன அளவு இருக்கிறது, எத்தனை தடவை அலசிய துணி, பித்தான் கிடையாது, நாடா முடிச்சுத்தான், பிறந்த குழந்தையின் தோலில் எதுவும் உறுத்தாது, இத்தனை நாளில் வந்து சேரும், எல்லாம் அதுவே சொல்லிவிடும். ஊர் பெயர் தெரியாத பெண்கள் ராத்திரியோ பகலோ தங்களுக்கு வேண்டியதைக் கட்டத்தில் நிரப்பிவிட்டுப் போவார்கள், அவள் தையல் மிஷினில் உட்கார்ந்து தைத்து அனுப்புவாள், யாரும் ஹலோ என்று கேட்க மாட்டார்கள், அவளும் ஹலோ சொல்ல வேண்டாம். எல்லாம் அந்த முதல் மூட்டையிலிருந்து வந்தது. முதல் தடவை உண்டாகி ஏழாம் மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது வயிற்றில் அசைவு நின்றுபோனதே, அதற்கு முன்னால் தைத்து வைத்த பதினாறு சட்டை. எட்டுமுழ வேட்டியைச் சோப்புப் போடாமல் அலசி அலசி, நிழலில் காயவைத்து, ஒவ்வொரு ஓரத்தையும் உள்ளுக்கு மடித்துத் தைத்தது. மாமியார் எரித்துவிடச் சொன்னார். புருஷன் பூபதி தறிப்பட்டறைக்குப் போய்விட்டான், மூன்று நாள் வீட்டுக்குச் சரியாக வரவில்லை. தினாதான், கொழுந்தன், அப்போது காலேஜ் கடைசி வருஷம், அட்டாரியிலிருந்து மூட்டையை இறக்கி ஒவ்வொன்றாகக் கட்டிலில் பரப்பிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அண்ணி, தும்பைப் பூவாட்டம் இருக்குது, எரிக்கறாங்களாமா, பைத்தியமா இவங்களுக்கு, யாரோ ஒரு கொழந்த போடட்டும் அண்ணி, நான் போட்டோப் புடிச்சுப் போடறேன், என்றான். அவள் தலையை ஆட்டினாளா இல்லையா என்றே நினைவில்லை. அவன் ஆட்டினதாக எடுத்துக்கொண்டான். அவனுடைய மெயிலில், அவனுடைய கார்டில், அவன் பெயரில் அந்தப் பெயரைப் பதிந்தான். உங்களுக்கு ஒரு மெயில் போட்டுத் தரேன் அண்ணி, அதுல மாத்திக்கலாம் என்று நாலு தடவை சொன்னான். இருக்கட்டும் தம்பி, அதெல்லாம் எனக்கெதுக்கு என்று நாலு தடவையும் அவள்தான் சொன்னாள். அதெல்லாம் எனக்கெதுக்கு. நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம். உள்ளே ஒரு குழந்தை அலறியது. இருபது. பாப்பா சிரிப்பை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தது.

வாயைத் திறக்க வேண்டிய நாளில் திறக்காதவளுக்குப் பெயர் எதற்கு. தினா தன்னோடு வேலை பார்த்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்ற நாளைச் சொல்கிறேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், ஆமாம், அதைத்தான். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தது. உள்ளே கூப்பிடுவார்கள் என்று நினைத்துக் கழற்றியிருக்கும். மாமனார் சாதிப் பெயரைச் சொல்லிக் கத்தினார், பூபதி கதவைச் சாத்தினான், தாழ்ப்பாள் சரியாக விழாமல் இரண்டு தடவை இழுத்துப் போட்டான். அடுப்படியில் மேகலா கரண்டியோடு நின்றாள். அண்ணி, நீங்களாச்சும் சொல்லுங்க அண்ணி, என்று வெளியிலிருந்து ஒரு குரல். ஒரே ஒரு தடவை. குழம்பு கொதித்தது, அவள் கிண்டினாள். அன்றிலிருந்து அவன் பெயரை அந்த வீட்டில் எடுக்கக்கூடாது, போட்டோவில் அவன் இருந்த பக்கத்தை மடித்துச் சட்டம் போட்டாகிவிட்டது. பெயரை எடுக்கக்கூடாதாம், ஆனால் அவன் வைத்த பெயரில் ஆர்டர் வரலாம், அதில் பூபதிக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. அப்புறம் ஒரு வருஷம் கழித்து, பாப்பா வயிற்றில் எட்டு மாசம், பூபதி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், புது நம்பரிலிருந்து அவள் போனில் ஒரு செய்தி வந்து மேலே எட்டிப் பார்த்தது. அண்ணி, நான் தினா. என் பழைய கார்டு போயிருச்சு, தும்பைத்துணி முடியப் போகுது, உங்க பேருக்கு மாத்திக்க ஒரு கோடு நம்பர்... அதற்கு மேல் திறந்தால்தான் தெரியும். யாரு, என்றான் பூபதி, ரசத்தை ஊற்றிக்கொண்டே. சிம் கம்பெனிக்காரங்க, என்றாள் மேகலா, கட்டைவிரலால் தள்ளி அழித்தாள். நம்பரும் அதோடு போயிற்று. பொய் சொல்ல மட்டும் வாய் எப்படிச் சட்டென்று திறந்தது. இருபத்திரண்டு, இருபத்திமூன்று, ஏம்மா, கால இறுக்கிப் புடி, என்று உள்ளே நர்ஸ் யாரையோ அதட்டினாள்.

பாப்பா பிறந்து, தீட்டுக் கழிந்து, மிஷினில் மறுபடி உட்கார்ந்த அன்றைக்குத்தான் பெயரைத் தட்டினால் வெறும் வெள்ளைப் பக்கம் வந்தது. இ-சேவை மையம் வைத்திருக்கும் ஷர்மிளாக்காவிடம் போனதே ஒரு வாரம் கழித்து. தினா படிக்கிற காலத்தில் அக்கா கடையில்தான் கிடப்பான், அவளுக்கு எல்லாம் தெரியும். அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, செத்துப் போச்சு கண்ணு, ஆனா இன்னும் எடுக்கல, என்றாள். அப்படித்தான் சொன்னாள், அக்காவுக்கு வாய் அப்படி. இந்தப் பேரெல்லாம் யாரும் ஒரேயடியா வாங்கறதில்ல அம்மிணி, வருசா வருசம் புதுப்பிச்சுக்கோணும். புதுப்பிக்கலீன்னா மொதல்ல ஒரு மாசம் போல வெச்சுருப்பாங்க, யாரு பேருல இருக்குதோ அவங்க மட்டும் வந்து பழைய கட்டணத்தையே கட்டி எடுத்துக்கலாம். அதுவும் தாண்டுனா இன்னொரு முப்பது நாளு, அப்பவும் அவங்க மட்டுந்தான், ஆனா அபராதம் போட்டுத் தீட்டிருவான். அதுவும் தாண்டுனா அஞ்சு நாளு. அந்த அஞ்சு நாளு யாருதும் இல்ல, வெச்சிருந்தவனும் தொட முடியாது, வேணுங்கறவனும் தொட முடியாது, நீ கோடி குடுத்தாலும் நடக்காது. அப்பறம் விழும். விழற நொடிக்கு எவன் கை முந்துதோ அவனுக்கு. இதைக் கேட்டபோது மேகலாவுக்கு மூன்றாம் நாள், பதினாறாம் நாள், முப்பது என்று சாவு வீட்டுக் கணக்குத்தான் ஓடியது, அங்கேயும் இப்படித்தான், ஒவ்வொரு நாளாகக் கைவிடச் சொல்லிக் கொடுப்பார்கள். தினா தம்பிக்கு ஒரு போனப் போடு, ரெண்டு நிமிச வேலை, என்று அக்கா துண்டுச் சீட்டில் புது நம்பரை எழுதிக் கொடுத்தாள். சீட்டு கடுகு டப்பாவில் இருந்தது. பூபதி பட்டறைக்குப் போனதும் எடுப்பாள், ஒன்பது எண் அழுத்துவாள், பத்தாவதற்கு விரல் போகாது. எடுத்தவுடன் என்ன சொல்வது. நல்லா இருக்கீங்களா தம்பி என்றா. அந்தப் புள்ளை எப்படி இருக்குது என்றா. வாசலில் வெச்சுச் சாத்தினப்போ வராத குரல் பேர் வேணும்னதும் வருதாக்கும் என்று அவன் கேட்டால். கேட்க மாட்டான், அதுதான் இன்னும் கஷ்டம், இதா இப்பவே கட்டிடறேன் அண்ணி என்பான். முப்பது நாளும் போயிற்று, அடுத்த முப்பதும் போயிற்று. பூபதியிடம் ஒரு நாள் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். போனாப் போவுது, பேருக்கா பஞ்சம், வேற ஒன்னு வெச்சுக்க, அவன் வெச்ச பேரு அவனோட போகட்டும், என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான். வேறு பெயர் வைக்கலாம்தான். ஒவ்வொரு சட்டையின் கீழ் ஓரத்திலும் பச்சை நூலில் இந்தப் பெயரைத் தைத்த பட்டி இருக்கிறது, கழுத்தில் வைத்தால் குழந்தைக்கு அறுக்கும் என்று அவளே யோசித்துக் கீழே வைத்தது, அதைப் பார்த்துத்தான் அடுத்த அளவுக்கு வருகிறார்கள், அக்காவுக்குச் சொல்கிறார்கள், தங்கச்சிக்குச் சொல்கிறார்கள். எங்கெங்கோ தொட்டிலில் கிடக்கிற அந்தப் பட்டிகளை யார் போய் மாற்றுவது. தவிர, அந்தப் பதினாறு சட்டைக்குச் சொந்தக்காரிக்கு, அல்லது சொந்தக்காரனுக்கு, என்னவென்றுகூட ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளவில்லையே, அதற்கு இந்த ஒரு பெயரைத் தவிர வேறு பெயர் இல்லை. இதைப் பூபதியிடம் சொல்ல முடியுமா. தன்னிடமே இப்போதுதான் சொல்கிறாள், தகரக் கொட்டகையில், இருபத்தாறாம் டோக்கனுக்கும் இருபத்தேழாம் டோக்கனுக்கும் நடுவில்.

கடைசியில் அந்த அஞ்சு நாள் தொடங்கின அன்றுதான் அக்காவிடம் ஓடினாள். மென்னு முழுங்கி முழுங்கிக் காரியத்தக் கெடுத்துட்டயே, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கற, என்று அக்கா திட்டினாள். திட்டிவிட்டு பேக் ஆர்டர் போட்டுத் தந்தாள். அதாவது விழுவதற்கு முன்பே சொல்லி வைப்பது. அதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன, அவர்களுடைய மிஷின் அந்த நேரத்துக்குக் கதவை நொடிக்கு நூறு தடவை தட்டிக்கொண்டே இருக்கும், திறந்ததும் முதலில் உள்ளே விழுந்தது எதுவோ அதற்குப் பெயர். நமக்குக் கிடைக்கலீன்னா கட்டுன காசு திரும்ப வந்துரும், பேருதான் வராது. நம்மளாட்டமே இன்னொருத்தரு இதே கம்பெனிக்கிட்டச் சொல்லி வெச்சிருந்தா ரெண்டு பேருக்கும் ஏலம் உடுவாங்க. வேற கம்பெனிக்கிட்டச் சொல்லி வெச்சிருந்தா ஏலமும் இல்ல, எவன் மிஷின் வேகமோ அவன். நம்ம பேர எவனுங்க்கா கேக்கப் போறான், பச்சப்புள்ளச் சட்டை, என்று மேகலா கேட்டாள், அவள் வாழ்நாளில் கேட்ட நீளமான கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அக்கா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். செத்த பேருலயும் ஆள் நடமாட்டம் இருக்குதான்னு பாக்கறதுக்கே ஆளுங்க இருக்காங்க கண்ணு. ஆள் வர்ற பேருன்னா அவனுக்குக் கடை எதுன்னு வேண்டியதில்ல, புடிச்சு வெச்சுட்டு வித்துருவான். ஆமா, அதுக்குள்ளாற யாராச்சும் போய்ப் போய்ப் பாத்துட்டு இருக்கறாங்களா என்ன. மேகலா இல்லை என்று தலையாட்டினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள். பால் கொடுக்கும்போது, மிளகாய் அரைக்கும்போது, குளியலறைக்குள்கூட, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை அந்தப் பெயரைத் தட்டித் தட்டி வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது யார். சமாதிக்குப் போகிற மாதிரிப் போய் நின்றது யார். கல்யாண வீட்டு வாசலாட்டம் அத்தனை காலடித் தடத்தையும் போட்டு வைத்தது அவளேதான். தினாவுக்கு ஒரு தடவை அழுத்த வராத விரல்.

முப்பத்தொன்னு, என்றது குரல். எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. பேர் சொல்லும்மா, என்றாள் நர்ஸ், அட்டையை நீட்டியும் அவள் பார்க்கவில்லை, பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மகிழினி, என்றாள் மேகலா. என்னது. மகிழினி. இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்றது, புள்ள பேர அம்மாவே முழுங்குனா ஊருக்கு எப்படித் தெரியும், என்று நர்ஸ் சிரித்தாள், பக்கத்திலிருந்த ஆயாம்மாவும் சிரித்தாள், கெட்ட சிரிப்பில்லை, இருந்தாலும் மேகலாவுக்குக் காது மடல் சுட்டது. மகிழினி பூபதி, என்று மூன்றாம் தடவை சொன்னபோது குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்துவிட்டது, கொட்டகையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தொடையில் ஒன்று, அடுத்த தொடையில் இன்னொன்று. பாப்பா ஒரு நொடி ஒன்றும் செய்யவில்லை. அந்த ஒரு நொடிதான் பயங்கரம், வாய் திறந்திருக்கும், முகம் சிவந்திருக்கும், சத்தம் வந்திருக்காது, உலகத்தில் யார் செய்தது என்று கண்ணால் தேடும், கண் தாயிடம் வந்து நிற்கும். நீதானே பிடிச்சுக்கிட்ட. அப்புறம் வந்தது அலறல். அப்பாடா, கத்து தங்கம், நல்லாக் கத்து, என் வயிற்றில் பிறந்து நீயாவது கத்து. அரை மணி நேரம் வெளியே உட்கார்ந்துட்டுப் போ அம்மிணி, காய்ச்சல் வந்தா இந்த மருந்து, என்று நர்ஸ் சீட்டைக் கொடுத்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மார்பில் அணைத்ததும் அலறல் விம்மலாகி, விம்மல் உறிஞ்சலாகி அடங்கியது. மணி பத்து இருபது. போன் அதிரவில்லை. இந்நேரம் தட்டிக்கொண்டிருக்கும், நொடிக்கு நூறு தடவை, எந்த ஊரிலோ ஒரு மிஷின் அவளுக்காகக் கதவைத் தட்டுகிறது, கூச்சம் இல்லாமல், கை வலிக்காமல். அன்றைக்கு வாசலில் தினா எத்தனை தடவை தட்டினான். எண்ணினாள், அடுப்படியில் நின்று எண்ணினாள், ஏழு. ஏழுக்குப் பிறகு செருப்பைப் போட்டுக்கொள்கிற சத்தம், ஒரு ஜோடி, அப்புறம் இன்னொரு ஜோடி. பெஞ்சின் மறு முனையில் வந்து உட்கார்ந்த பெண் வெளியூர்க்காரி போலிருந்தாள், பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருப்பாள், கூச்சமில்லாத முகம், வந்ததும் பேச ஆரம்பித்தாள், ஐயோ இவன் என்னைக் கடிச்சே தின்னுட்டானுங்க, ஒங்கது பொண்ணா, பையனா, பொண்ணுங்கதான் பொறுத்துக்குமாம். மேகலா சிரித்து வைத்தாள். சிரித்துக்கொண்டே பார்த்தாள், அந்தக் குழந்தையின் உடம்பில் நாடா முடிச்சுச் சட்டை. ஓரம் உள்ளுக்கு மடித்த தையல். இரண்டாவது முடிச்சு கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, அது பழைய மிஷினில் தைத்தது, மிஷினின் பல் தேய்ந்திருந்தபோது. கீழ் ஓரத்தில் பச்சை நூல். உடம்பெல்லாம் ஒரு சூடு ஓடி மார்பில் பால் சுரந்தது, பாப்பா திணறி இருமியது. சொல்லலாம். நான் தைச்சதுங்க. மூன்று வார்த்தைகூட இல்லை. அந்தப் பெண் சட்டையை நீவி விட்டுக்கொண்டு, இதத் தவிர வேற எதப் போட்டாலும் இவனுக்குச் செவந்து போவுதுங்க, எங்கக்கா ரெண்டு குடுத்தா, இப்பப் பத்தவே மாட்டேங்குது, அடுத்த சைஸு வாங்கோணும், என்று சொல்லியபடி போனை எடுத்துப் பட்டியைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டித் தட்டினாள். மேகலா அந்தப் பெண்ணின் கட்டைவிரலையே பார்த்தாள். வெள்ளைப் பக்கமாக வரட்டும். தாயே, இன்னும் வெள்ளையாகவே வரட்டும். அந்தப் பெண் புருவத்தைச் சுருக்கினாள். என்னமோ வேற வருதுங்களே. ஃபார் சேல்னு போட்டிருக்குது. இந்தப் பேரு விக்கறதுக்கு இருக்குதாம், வேணுங்கறவங்க வெல கேளுங்கன்னு கெடக்குது பாருங்க. போனை நீட்டினாள். நீலப் பின்னணியில் பெரிய எழுத்தில் அவளுடைய பெயர். பச்சை இல்லை, நீலம். கீழே சிரிக்கிற வெள்ளைக்கார ஆள் ஒருத்தன், காதில் போன் வைத்துக்கொண்டு, பேசத் தயாராக.

ஆக விழுந்துவிட்டது. எப்போது விழுந்தது, ஊசி குத்தின நொடியிலா, முப்பத்தொன்னு என்று கூப்பிட்ட நொடியிலா, புள்ள பேரை மூணாவது தடவை சொன்ன நொடியிலா. பையில் போன் அதிர்ந்தது, அக்காவாகத்தான் இருக்கும், அவள் எடுக்கவில்லை. திருட்டுப் பசங்க, என்றாள் அந்தப் பெண், நல்ல சாமானா ரெண்டு குடுத்துட்டுக் கடையச் சாத்திட்டு ஓடிர்றானுங்க, இவனுங்கள நம்பி எங்கக்கா ஊரெல்லாஞ் சொல்லி வெச்சிருக்கறா. ஓடலீங்க, என்று மேகலாவின் வாய்க்குள் ஒரு சொல் புரண்டு படுத்தது. அப்போதுதான் அந்தப் பெண்ணின் கண் மகிழினியின் மேல் விழுந்தது. அட, ஒங்க பாப்பாவும் அதே சட்டைதானுங்களே. மேகலா உள்ளங்கையால் கீழ் ஓரத்தை மூடினாள், பச்சை நூல் கைக்கடியில் முள் மாதிரி நெருடியது. எங்கீங்க வாங்குனீங்க, கடையில கெடைக்குதா, என்றாள் அவள், முன்னால் சாய்ந்து, நம்பிக்கையாக. கொழுந்தன் குடுத்ததுங்க, என்றாள் மேகலா. ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் அந்த உறவைச் சொன்ன குரல் அவளுக்கே அடுத்தவள் குரலாகக் கேட்டது. அப்படியா, அவருகிட்டக் கேட்டுச் சொல்லுங்களேன், ஒரு போனப் போட்டாத் தெரிஞ்சுருமல்லொ, என்றாள் அந்தப் பெண். பாப்பா மார்பை விட்டுவிட்டு வாயில் பால் வழிய அண்ணாந்து பார்த்தது. மேகலா அதன் வாயைத் துடைத்தாள். எங்களுக்குப் பேச்சு இல்லீங்க, என்றாள், யார் காதிலும் தெளிவாக விழும்படி.